சீசன் டிக்கெட் விலை ஏறுனா லிவர்பூலோட ஆன்ஃபீல்டு கிரவுண்டுல ஏன் கொடி இறங்குது?

ரங்கூன்ல எந்த டீக்கடைல உக்காந்து பிரீமியர் லீக் பாத்தாலும் சரி, இங்கிலாந்து ரசிகருங்க ஸ்டேடியம் வாசல்ல பேனர் பிடிச்சு நிக்கிற காட்சி டிவில வந்துட்டா யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, விலை கட்டுப்படி ஆகலன்னா வாங்காம விட்டுட்டு போக வேண்டியதுதானே, எதுக்கு டிக்கெட்டையும் வாங்கிட்டு வாசல்ல நின்னு கத்தவும் செய்யணும்னு. அதுலயும் அஞ்சு சதவீதம்தான் ஏத்திருக்காங்கன்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்களுக்கு சிரிப்பே வந்துடும். 2021 ஆரம்பத்துல ஒரு டாலருக்கு 1,300 சொச்சம் கியாட் குடுத்த ஊரு இது, அப்புறம் வெளி மார்க்கெட்ல அதே டாலர் 4,000த்தை தாண்டி போனதை கண்ணால பாத்தவங்க நாம, அரிசில இருந்து எண்ணெய் வரைக்கும் எல்லாமே மடங்கு மடங்கா ஏறுனப்ப வாயை மூடிட்டு வாங்குனவங்களுக்கு அஞ்சு சதவீதத்துக்கு ஒரு ஊர்வலமான்னு தோணத்தான் செய்யும். ஆனா சீசன் டிக்கெட்டுங்கறது என்ன, அதுல கிளப்புக்கு என்ன கணக்குன்னு தெரிஞ்சுட்டா அந்த சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

பிரீமியர் லீக்ல 20 டீம், ஒவ்வொன்னுக்கும் சொந்த கிரவுண்டுல 19 மேட்ச். அந்த 19க்கும் சேத்து மொத்தமா காசைக் கட்டி ஒரு சீட்டை வருஷம் பூரா நம்ம பேர்ல எடுத்துக்கறதுதான் சீசன் டிக்கெட், சில கிளப்புல கப் மேட்ச் சிலதும் அதுல சேந்து வரும். ஆனா அந்தக் காசுக்கு கிடைக்கிறது வெறும் உக்கார இடம் இல்ல, அடுத்த வருஷம் இதே சீட்டை முதல்ல எங்கிட்டதான் கேக்கணும்ங்கற உரிமை. நம்ம கோயில் திருவிழால மண்டகப்படி எடுக்குற குடும்பம் இருக்குல்ல, தாத்தா எடுத்தது, அப்பா செஞ்சாரு, இப்ப பையன் செய்றான், ஒரு வருஷம் கை கடிக்குதுன்னு விட்டா அடுத்த குடும்பம் எடுத்துக்கும், அப்புறம் மூட்டையா காசு கொண்டு வந்தாலும் அந்த நாள் திரும்பக் கைக்கு வராது, அதே கதைதான் இங்கயும். லிவர்பூல்ல பேர் குடுத்துட்டு 20 வருஷத்துக்கு மேல காத்துட்டு இருக்கவங்க இருக்காங்க. பக்கத்து சீட்டு ஆளு அப்பாவோட கூட்டாளியா இருப்பாரு, முன் வரிசை அம்மா இவன் சின்னப் பையனா வந்ததுல இருந்து பாத்துட்டு இருப்பாங்க. ஒரு வருஷம் விலை பிடிக்கலன்னு விட்டா இதெல்லாமே போச்சு, அதனாலதான் திட்டிக்கிட்டே புதுப்பிக்கிறாங்க. விலை ஏறுனாலும் விட மாட்டாங்கன்னு கிளப்புக்கும் நல்லாத் தெரியும், அந்தத் தைரியத்துலதான் ஏத்துறாங்க.

சரி, கிளப்புக்கு அந்தக் காசு அவ்வளவு முக்கியமா? இங்கதான் விஷயம் சுவாரசியமா இருக்கு. பிரீமியர் லீக் கிளப்புங்களோட மொத்த வருமானத்துல மேட்ச் நாள் வருமானம், அதாவது டிக்கெட்டு, ஸ்டேடியத்துக்குள்ள விக்கிற சாப்பாடு, பெரிய மனுஷங்க பாக்ஸ் எல்லாம் சேத்தே சுமார் ஏழுல ஒரு பங்குதான் வரும். மிச்சம் டிவியும் விளம்பரமும். 1992ல லீக் ஆரம்பிச்சப்ப முதல் டிவி ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு 304 மில்லியன் பவுண்டு, 2025ல ஆரம்பிச்ச உள்நாட்டு ஒப்பந்தம் நாலு வருஷத்துக்கு 6.7 பில்லியன். அது இல்லாம வெளிநாட்டு உரிமை தனி, 2022 முதல் 2025 வரைக்கும் உள்ள ஒப்பந்தத்துல வெளிநாட்டுல இருந்து வந்த காசு 5.3 பில்லியன், முதல்முறையா உள்நாட்டுக் காசை தாண்டிப் போச்சு. இங்க ஸ்கைநெட்டுல மாசம் கட்டுன நாம, பேங்காக்ல, சென்னைல, லாகோஸ்ல உக்காந்து பாக்குறவங்க எல்லாரும் சேந்து குடுத்த காசு அது.

அப்ப ரெண்டு சதவீதம், அஞ்சு சதவீதம் ஏத்தி என்ன கிடைக்கப் போவுது? பயர்ன் மியூனிக் தலைவரா இருந்த ஊலி ஹோனஸ் இதை ஒரு தடவை போட்டு உடைச்சாரு. சீசன் டிக்கெட்டை 104 பவுண்டுல இருந்து 300 ஆக்குனா எங்களுக்கு கூட 2 மில்லியன் வரும், ஒரு பிளேயர் வாங்குற பேச்சுவார்த்தைல அந்தக் காசுக்கு அஞ்சு நிமிஷம்தான் வாக்குவாதம் நடக்கும், ஆனா ரசிகனுக்கு 104க்கும் 300க்கும் இருக்க வித்தியாசம் பெருசு, ரசிகன் என்ன கறக்குற மாடாங்கற மாதிரி பேசினாரு. ஜெர்மனில பெரும்பாலான கிளப்புல பாதிக்கு மேல ஓட்டு மெம்பருங்க கைல இருக்கணும்னு விதி இருக்கு, 50+1னு சொல்வாங்க, அதனால அங்க அப்படிப் பேச முடியுது. பேசலன்னா அடுத்த தேர்தல்ல தெரியும்.

இங்கிலாந்து கிளப்புங்க சொல்ற காரணம் வேற. செலவு ஏறுது, கரண்ட் பில் ஏறுது, ஆளுங்க சம்பளம் ஏறுது, அதுக்கு மேல மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாதுன்னு லீக்ல விதி இருந்தது, அதனால ஒவ்வொரு பவுண்டும் முக்கியம்னு சொல்றாங்க. இது முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். மான்செஸ்டர் யுனைடெட் 2023-24ல மட்டும் 113 மில்லியன் நஷ்டம் காட்டுச்சு. ஆனா அந்த நஷ்டத்துக்கு கேலரில உக்காந்திருக்க கிழவனா காரணம்? பிளேயர் வாங்குனதுல கோட்டை விட்டது, கோச்சை மாத்தி மாத்தி நஷ்ட ஈடு குடுத்தது, 2005ல கிளேசர் குடும்பம் வாங்குனப்ப கிளப் தலைலயே ஏத்தி வச்ச கடன், அந்தக் கடனுக்கு கட்டுன வட்டி, இதையெல்லாம் பேசாம டிக்கெட்டுல கை வைக்கிறாங்கன்னுதான் அங்க கோவம். அதே நேரம் இன்னொன்னும் சொல்லணும், ஜனவரில பிளேயர் வாங்குற நேரம் வந்தா புது ஸ்ட்ரைக்கர் எங்கன்னு கத்துறதும் இதே ரசிகருங்கதான், அந்தக் காசு எங்க இருந்து வரும்னு அப்ப யாரும் கேக்குறதில்ல (நாமளும்தான்).

ஆனா எனக்குத் தோணுறது என்னன்னா, இந்த ஏத்தமெல்லாம் சீசன் டிக்கெட்காரன்கிட்ட இன்னும் கொஞ்சம் கறக்கறதுக்கு மட்டும் இல்ல. கிளப்போட கண்ணுக்கு ஸ்டேடியத்துல இருக்கறதுலயே லாபம் கம்மியான சீட்டு சீசன் டிக்கெட் சீட்டுதான். வருஷத்துக்கு 19 தடவை வர்றவன் ஒவ்வொரு தடவையும் ஜெர்சி வாங்க மாட்டான், ஸ்கார்ஃப் வாங்க மாட்டான், வெளிய பப்புல குடிச்சுட்டு கடைசி நிமிஷத்துல உள்ள வருவான், வயசானவரா இருந்தா சலுகை வேற. அதே சீட்டை மேட்ச் மேட்ச்சா வித்தா, வாழ்க்கைல ஒரு தடவை வர்ற வெளியூர்க்காரன் கேட்ட விலை குடுப்பான், கடைல நுழைஞ்சா பை நிறைய வாங்குவான், ஹாஸ்பிடாலிட்டி பேக்கேஜ்னு சாப்பாடோட சேத்து சில நூறு பவுண்டுக்கும் விக்கலாம். அந்த வெளியூர்க்காரன் யாரு? சிங்கப்பூர்ல வேலை பாத்து காசு சேத்து ஒரு தடவையாவது மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்டு ட்ராஃபோர்டு ஸ்டேடியத்தை பாத்துடணும்னு கிளம்புற நம்ம வீட்டுப் பையன்தான்.

இந்தக் கண்ணாடியை போட்டுட்டு கடந்த சில வருஷ நியூஸை பாத்தா எல்லாம் ஒரே வரிசைல நிக்கும். ஃபுல்ஹாம் கிளப் தேம்ஸ் ஆத்தங்கரைல ரிவர்சைடு ஸ்டாண்டு கட்டி அதுல சில சீசன் டிக்கெட்டுக்கு 3,000 பவுண்டு வச்சாங்க. டாட்டன்ஹாம் 2024ல விலையை ஆறு சதவீதம் ஏத்துனதோட நிக்காம, புதுசா வயசானவங்க சலுகைக்குள்ள வர்றதை நிறுத்துறோம்னாங்க, அங்க ரசிகருங்களுக்கு ஆறு சதவீதத்தை விட இதுதான் சுருக்குனு குத்துச்சு, பெரியவங்களை காப்பாத்துங்கன்னு தனி இயக்கமே நடந்துச்சு. யுனைடெட் 2024 நவம்பர்ல, சீசன் பாதி நடந்துட்டு இருக்கறப்ப, மிச்சம் இருக்க டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டு, சின்னப் பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் சலுகை கிடையாதுன்னாங்க, அதுவரைக்கும் பசங்க டிக்கெட் 25ல இருந்து கிடைச்சது. ஃபுல்ஹாம் மேட்ச் டிக்கெட்டை விட யுனைடெட் டிக்கெட் கம்மியா இருக்கறதுல அர்த்தம் இல்லைன்னு யுனைடெட் ஓனருங்கள்ல ஒருத்தரான ஜிம் ராட்கிளிஃப் சொன்னது வேற எரியுற நெருப்புல எண்ணெய். பணக்கார லண்டன் ஆத்தங்கரையையும் மான்செஸ்டரையும் ஒரே தராசுல வச்சா ஊர்க்காரன் சும்மா இருப்பானா.

இது நேத்து ஆரம்பிச்ச சண்டையும் இல்ல. 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்து நெரிசல்ல சிக்குனதுல 97 பேர் செத்தாங்க, அதை விசாரிச்ச நீதிபதி டெய்லரோட அறிக்கை 1990ல வந்து பெரிய ஸ்டேடியத்துல எல்லாம் நின்னு பாக்குறதை நிறுத்தி சீட்டு போடணும்னு சொல்லுச்சு. அதே அறிக்கைல, நின்னு பாத்தவன் பாக்கெட்டுக்கு ஒத்து வர்ற விலைல சீட்டு குடுக்க முடியும்னும் இருக்கு, அதுக்கு உதாரணமா கிளாஸ்கோல ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்து 6 பவுண்டு சீட்டை காட்டுனாரு. சீட்டு போட்ட கிளப்புங்க அந்த விலை பக்கத்தை மட்டும் படிக்காம தாண்டிட்டாங்க. வெஸ்ட் ஹாம் என்ன பண்ணுச்சுன்னா சீட்டு போடுற செலவுக்கு 1991ல பாண்டுனு ஒன்னு கொண்டு வந்தாங்க, சீசன் டிக்கெட் வாங்குற உரிமைக்கே தனியா 500 பவுண்டுல இருந்து கிட்டத்தட்ட 1,000 வரைக்கும், டிக்கெட் காசு அதுக்கு மேல. ரசிகருங்க கிரவுண்டுக்குள்ள இறங்கிட்டாங்க, 1992ல ஒரு ஆளு கார்னர் கொடியை பிடுங்கிட்டு போய் நடு மைதானத்துல உக்காந்த படம் இன்னிக்கும் சுத்துது. பாண்டு சொற்பமாத்தான் வித்துச்சு.

இப்ப அந்த டீக்கடை கேள்விக்கு வரலாம். வாங்காம விட்டா என்ன ஆகும்? சின்ன ஊர் கிளப்பா இருந்தா அது நிஜமாவே வலிக்கும். பிளாக்பூல்ல ஓனர் குடும்பத்து மேல இருந்த கோவத்துல, அது விலைச் சண்டை இல்ல, ஒரு பைசா குடுக்க மாட்டோம்னு ஆயிரக்கணக்கான பேர் வருஷக்கணக்கா உள்ள போகல. 2019ல கோர்ட் மூலமா அந்தக் குடும்பம் வெளியேறுனதும் மார்ச் 9ந்தேதி 15,000 பேருக்கு மேல திரும்பி வந்து ஸ்டேடியத்தை நிரப்புனாங்க. ஆனா அதுக்கு அவங்க குடுத்த விலையை யோசிச்சு பாருங்க, அத்தனை வருஷம் சொந்த டீமை பாக்கல, அந்த நேரத்துல செத்துப்போன பெருசுங்க எத்தனை இருக்கும். லிவர்பூல்லயோ யுனைடெட்லயோ இது நடக்கவே நடக்காது, நீ எந்திரிச்ச சீட்டுல அடுத்த நிமிஷம் ஒருத்தன் உக்காந்துடுவான்.

அப்ப அவங்க கைல என்ன ஆயுதம் இருக்கு? 2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை, ஆன்ஃபீல்டுல லிவர்பூலும் சண்டர்லாண்டும். நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிச்ச மேட்ச், குடல்வால் ஆபரேஷன்னு லிவர்பூல் கோச் க்ளாப் வரல. புதுசா பெருசாக்குன மெயின் ஸ்டாண்டுல அடுத்த சீசன்ல இருந்து சில டிக்கெட் 77 பவுண்டு, சீசன் டிக்கெட் அதிகபட்சம் 1,029 பவுண்டுன்னு அந்த வாரம்தான் அறிவிச்சிருந்தாங்க. அதனால 77வது நிமிஷத்துல எந்திரிச்சு போவோம்னு ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி, ஸ்பையன் காப் 1906ங்கற லிவர்பூல் ரசிகர் குழுக்கள் ரெண்டும் முடிவு பண்ணிருந்தாங்க. லிவர்பூல் ரெண்டு கோல் முன்னால இருக்கு, ஜெயிச்சுட்ட மாதிரிதான், அந்த நேரம் சுமார் 10,000 பேர் எந்திரிச்சு போதும்டா உங்க பேராசைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பாடிக்கிட்டே படி இறங்கிப் போறாங்க. நாங்க பாத்துட்டு இருந்த கடைல முதல்ல யாருக்கும் புரியல, கிரவுண்டுல தீ கீ பிடிச்சுடுச்சோன்னு ஒருத்தர் கேட்டாரு. அப்புறம் சண்டர்லாண்டுக்கு 82ல ஆடம் ஜான்சன் ஒன்னு, 89ல டெஃபோ ஒன்னு, 2-2. ஆளு போனதாலதான் கோல் விழுந்துச்சுன்னு எவனும் நிரூபிக்க முடியாது, ஆனா காலியான சீட்டுங்க, சத்தம் செத்த ஸ்டேடியம், ஜெயிக்க வேண்டிய மேட்ச் கை விட்டுப் போறது, இது மூணும் ஒரே ஃபிரேம்ல உலகம் பூரா போச்சு. நாலே நாள்ல, பிப்ரவரி 10, அமெரிக்கால இருக்க ஓனருங்க மன்னிப்பு கேட்டு லெட்டர் போட்டாங்க, 77 போச்சு, அதிகபட்சம் பழைய 59லயே நிக்கும்னு ரெண்டு சீசனுக்கு உறுதி குடுத்தாங்க.

அவங்க நிறுத்துனது காசை இல்ல, காசு ஏற்கனவே கட்டியாச்சு. நிறுத்துனது சத்தத்தை. டிவிக்காரன் பில்லியன் கணக்குல குடுத்து வாங்குறது 22 பேர் பந்து உதைக்கறதை மட்டும் இல்ல, பின்னால கொந்தளிக்கிற அந்த கூட்டத்தையும் சேத்துதான், கொரோனா நேரத்துல காலி ஸ்டேடியத்துல நடந்த மேட்சுக்கு ரெக்கார்டு பண்ண சத்தத்தை போட்டு ஒப்பேத்துனாங்களே, அப்ப நம்ம எல்லாருக்குமே அது தெரிஞ்சுது. அந்தக் கூட்டம் இலவசமா, இன்னும் சொன்னா காசு குடுத்து வந்து, கிளப்புக்கு செஞ்சு குடுக்குற வேலை அது. தடுக்க முடியாத ஒரே வேலைநிறுத்தமும் அதான்.

இதை நல்லா புரிஞ்சுக்கிட்டவங்க ஜெர்மன்காரங்க. ஆன்ஃபீல்டுக்கு மூணு நாள் கழிச்சு ஸ்டுட்கார்ட்ல கப் மேட்ச், டார்ட்மண்ட் ரசிகருங்க டிக்கெட் விலைக்காக முதல் 20 நிமிஷம் உள்ளயே வரல, வந்ததும் டென்னிஸ் பந்தா மைதானத்துல வீசுனாங்க. 2024ல லீக்குக்கு வெளி முதலீட்டாளர் வர்றதை எதுத்தும் அதே டென்னிஸ் பந்து, மேட்ச் மேட்ச்சா நிறுத்த வேண்டி வந்து கடைசில பிப்ரவரில லீக்கே திட்டத்தை கை விட்டுடுச்சு. டைம்டேபிள் போட்டு விக்கிற டிவி சரக்குல பத்து நிமிஷம் பந்து பொறுக்குற காட்சி ஓடுனா யாருக்கு வலிக்கும்னு தெரிஞ்சு அடிச்ச அடி.

லிவர்பூல்ல 2024லயும் ஒரு தடவை நடந்துச்சு, இந்த தடவை ஏத்தம் ரெண்டே சதவீதம். ஏப்ரல் 11, அட்டலாண்டா மேட்ச், ரசிகருங்க எதிர்ப்பா கொடியை கொண்டு வராததால, வழக்கமா கொடியா பறக்குற காப் ஸ்டாண்டுல ஒரு கொடி கூட இல்ல. ராத்திரி ஒன்றரை மணிக்கு கண்ணு முழிச்சு பாத்தவங்களுக்கு ஏதோ வேற ஸ்டேடியத்தை பாக்குற மாதிரி இருந்திருக்கும், லிவர்பூல் 3-0 தோத்துச்சு. ரெண்டு சதவீதத்துக்காங்கற கேள்வி அப்பவும் வந்துச்சு. ஆனா வருஷக்கணக்கா கூடவே உக்காந்து பேசுனவங்ககிட்ட ஒழுங்கா கலந்து பேசாம ஏத்துனாங்கங்கறதுதான் அங்க பிரச்சனை, தொகை ரெண்டாம் பட்சம்.

வெளியூர் டிக்கெட், அதாவது தன் டீம் எதிராளி கிரவுண்டுல ஆடுறப்ப கூடவே போய் பாக்குற ரசிகனோட டிக்கெட் விஷயத்துல அவங்க ஜெயிச்சதும் இதே வழில. 2013 ஜனவரில ஆர்சனல் கிரவுண்டுக்கு வந்த மான்செஸ்டர் சிட்டி ரசிகருங்களுக்கு 62 பவுண்டு போட்டாங்க, 3,000 டிக்கெட்டுல 912 திரும்பி வந்துச்சு, அந்த காலி மூலை டிவில நல்லா தெரிஞ்சுது. அப்புறம் எல்லா கிளப் ரசிகருங்களும் பகையை ஓரமா வச்சுட்டு 20 பவுண்டு போதும்னு ஒன்னா கேட்டாங்க, கேட்டது 20, கிடைச்சது 30, 2016-17ல இருந்து வெளியூர் ரசிகனுக்கு 30 பவுண்டுக்கு மேல கிடையாது. யுனைடெட்காரனும் லிவர்பூல்காரனும் ஒரு பேனருக்கு பின்னால நிக்கிறதுன்னா சும்மா இல்ல, நம்ம கடைல ஒரு பெஞ்சுல கூட உக்கார மாட்டேங்கறானுங்க.

எல்லாரும் உள்ள இருந்தே சண்டை போட்டாங்கன்னும் இல்ல. கிளேசர் வந்த 2005லயே யுனைடெட் ரசிகருங்க ஒரு பகுதி வெளிய போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு சொந்தமா கிளப் ஆரம்பிச்சாங்க, கீழ் டிவிஷன்ல ஆடுது, மெம்பருங்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. மரியாதையான வேலைதான், ஆனா ஓல்டு ட்ராஃபோர்டு சீட்டு அதனால ஒன்னும் காலியாகல.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு கிளைக்கதை உண்டு. விக்கிலீக்ஸ்ல வெளிவந்த 2009ம் வருஷ அமெரிக்கத் தூதரகத் தகவல் ஒன்னுல, அப்ப ஆட்சில இருந்த ஜெனரல் தான் ஷ்வே பேரன் ஆசைப்பட்டான்னு நூறு கோடி டாலருக்கு மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கலாமான்னு யோசிச்சாருன்னு இருந்துச்சு. 2008 நர்கீஸ் புயல்ல ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்க செத்த நேரம், பாக்க நல்லா இருக்காதுன்னு விட்டுட்டு, அதுக்கு பதிலா பணக்கார முதலாளிகளை கூப்பிட்டு கிளப் ஆரம்பிங்கன்னு சொல்ல, 2009ல எட்டு டீமோட மியான்மர் நேஷனல் லீக் வந்துச்சுங்கறது அந்த தகவலோட சாரம். ஆசியப் போட்டில 1966லயும் 1970லயும் தங்கம் வாங்குன நாடு, ஆங் சான் ஸ்டேடியத்துல இடம் கிடைக்காம மதில் ஏறி பாத்த கதையெல்லாம் பெரியவங்க சொல்லி கேட்டிருக்கோம். இப்ப லோக்கல் லீக் மேட்சுக்கு டிக்கெட் விலை ஏறுனதுன்னு யாராவது சண்டை போட்டு கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம காசும் கத்தலும் கடல் தாண்டிப் போயிடுச்சு, அந்தக் காசுதான் அங்க இருக்கவனை சீட்டை விட்டு எழுப்பவும் உதவுது. இதுக்காக நாம யாரும் குற்ற உணர்ச்சில டிவியை அணைக்கணும்னு நான் சொல்ல வரல, கரண்ட் இருந்தா நானும் பாக்கத்தான் போறேன்.

இப்போதைய நிலவரம் என்னன்னா, 2024 கடைசில இங்கிலாந்து ரசிகர் சங்கங்களோட கூட்டமைப்பு விசுவாசத்தை சுரண்டாதேன்னு ஒரு இயக்கத்தை ஆரம்பிச்சு கிளப் வித்தியாசம் இல்லாம பேனர் பிடிச்சாங்க, சிட்டி ரசிகருங்க 2025 ஏப்ரல்ல மேட்ச் ஆரம்பிச்சு சில நிமிஷம் சீட்டுக்கு வராம படிக்கட்டுலயே நின்னாங்க. 2025-26க்கு லிவர்பூல், சிட்டி, டாட்டன்ஹாம் மூணும் விலையை ஏத்தாம நிறுத்துனாங்க, யுனைடெட் மறுபடியும் அஞ்சு சதவீதம் ஏத்துச்சு, 16 வயசுக்கு கீழ உள்ளவங்களை விட்டுட்டு. 2025 ஜூலைல வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்துல தனி ரெகுலேட்டர் வந்திருக்காங்க, டிக்கெட் விலை விஷயத்துல கிளப் ரசிகருங்களை கலந்து பேசணும்னு அதுல இருக்கு. விலைக்கு உச்சவரம்பு அதுல கிடையாது. வெளியூர் ரசிகனுக்கு இருக்க அந்த 30 பவுண்டு உச்சவரம்பும் சட்டம் போட்டது இல்ல, கிளப்புங்க தங்களுக்குள்ள ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டதுதான், சொந்த ஊர் ரசிகனோட 19 மேட்சுக்கு அப்படி ஒன்னு இன்னும் எந்த மீட்டிங்லயும் பாஸ் ஆகல.